என் அண்ணன் கண்ணால் பார்த்த சொல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அண்ணன் சொன்னான், அண்ணி சொன்னாள் என்று யாரும் என்னிடம் வரவேண்டாம். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிப்பது என் உத்தியோகம். என் குரல் தெரியாத ஆள் இந்த ஊரில் ஒருவன்தான் உண்டு, அவன் என் கூடப்பிறந்தவன். அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. “உன் குரல் எப்படி இருக்கும்?” என்று ஒருதடவை கேட்டான். “தேன் மாதிரி” என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எனக்கு அப்படித் தோணலை” என்றான்.

அவன் ‘சொன்னான்’ என்று நான் எழுதுகிற இடத்திலெல்லாம் கையால் சொன்னான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதை எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

கையால் பேசுகிறவர்கள் ஆட்களுக்குக் கையாலேயே பேர் வைப்பார்கள். அந்தப் பேரை வைக்கிற உரிமை காது கேட்காதவர்களுக்குத்தான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வைத்தது அண்ணன். அண்ணிக்கு இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக் காட்டுவான், அண்ணி அப்படித்தான் நிற்பாள். மகளுக்குக் கன்னத்தில் ஒரு விரலைக் குத்துவான், அதனால் நாங்களும் அவளைக் குழிக்கன்னி என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வது. எனக்கு? வாய்க்குப் பக்கத்தில் விரல்களை மூடி மூடித் திறப்பது. படபடபடவென்று. எனக்கு ஆறு வயதில் வைத்த பேர், இன்னும் மாறவில்லை.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு சலூன் இருக்கிறது. இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம். நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் அவருடைய உதட்டைப் பார்த்தே என்ன பேசுகிறார் என்று படித்துவிடுவான். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. இவருக்குத்தான் கேட்காதே என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் குடும்ப ரகசியத்தையெல்லாம் கொட்டுவார்கள். அண்ணன் முகத்தில் ஈ ஆடாது. சாயந்தரம் என்னிடம் வந்து ஒன்று விடாமல் சொல்வான். ஊரில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது காது கேட்கிற எனக்கு அவன் மூலமாகத்தான் தெரியும், என்ன கொடுமை பாருங்கள்.

அவனுக்கு எதிரி மீசைதான். மேல் உதட்டை மீசை மூடிவிட்டால் பாதிப் பேச்சு போச்சு. அதனால் அவன் கடையில் ஒரு சட்டம். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் மீசையை உதட்டுக்கு மேலே நேராக வெட்டிவிட்டுத்தான், “சொல்லுங்க, முடி எப்படி வேணும்?” என்று எழுதிய அட்டையைக் காட்டுவான். எங்கள் பேட்டையில் ஆண்களுக்கெல்லாம் உதடு பளிச்சென்று தெரிவதற்கு இதுதான் காரணம். வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக் கேலியும் கிண்டலுமாக இருக்கிறவனுக்கு ஒரே ஒரு சொல்லைக் கண்டால் ஆகாது. ‘எப்பத்தா’ என்கிற சொல். அதற்குக் காரணம் நான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து மைதானத்தில் பந்தல் போட்டார். வாசலில் தட்டி, அதில் ஆள் உயர எழுத்தில் ‘எப்பத்தா’. இயேசு ஒரு காது கேளாதவனைப் பார்த்துச் சொன்ன சொல், ‘திறக்கப்படு’ என்று அர்த்தம், சொன்னதும் அவனுக்குக் காது கேட்டது, பேச்சும் வந்தது என்று நற்செய்தியில் இருக்கிறது. நான் போய் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தேன். “எனக்கு என்ன குறை?” என்றான். “எனக்காக வா” என்றேன். எனக்காக வந்தான்.

மேடையில் அவனைக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வைத்தார்கள். பிரசங்கியார் அவனுக்குப் பின்னால் நின்று, காதில் விரலைவிட்டு, ஒலிபெருக்கியில் “எப்பத்தா!” என்று கத்தினார். மூன்று தடவை. பந்தலே அதிர்ந்தது. அண்ணன் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கீழே நின்ற என்னைப் பார்த்தான். எங்கே போனாலும் அவனுக்கு எடுத்துச் சொல்கிறவள் நான்தானே! நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையைக் கூப்பி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கூப்பின கையால் எப்படிப் பேசுவது? ஐந்நூறு பேருக்கு நடுவில் அவனை ஊமையாக்கினது பிரசங்கியார் இல்லை, நான்தான்.

அதோடு விட்டேனா? கீழே இறங்கி நடந்தவனுக்குப் பின்னால் போய், “அண்ணா!” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததைக் கவனித்துத்தான் அவன் திரும்பினான். என் முகத்தில் இருந்த ஆசையையும், அது பொசுக்கென்று போனதையும் நன்றாகப் பார்த்துவிட்டான். “அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டான். எனக்கு வெட்கம். “ஒண்ணுமில்லை” என்றேன். அன்றிலிருந்து அண்ணன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, வெளியே இரும்புக் கேட்டுப் பக்கத்தில் பத்திரிகை படித்துக்கொண்டு நிற்பான். மகள் கல்யாணத்தைக்கூடப் பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு, வீட்டு வாசலில் வைத்துத்தான் ஆசீர்வாதம் வாங்கினார்கள்.

போன வருஷம் குழிக்கன்னிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் தொட்டில் பக்கத்திலேயே கிடந்தான். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்டது, தட்டு விழுந்தால் தூக்கிப்போடும். நான்கு மாதத்தில் ஞானஸ்நானம் என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை கோயிலிலிருந்து சடங்குப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து மேஜையில் வைத்தார். அண்ணன் அதைப் புரட்டினான். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. குரு குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு ‘எப்பத்தா’ என்று சொல்வார் என்று போட்டிருந்தது.

அண்ணன் புத்தகத்தை மூடினான். “நான் வரலை” என்றான்.

“அப்பா, இது எல்லாக் குழந்தைக்கும் சொல்றதுதான்” என்றாள் குழிக்கன்னி.

“என்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சொல்ற சொல். அதைச் சொல்லும்போது நான் பக்கத்துல நிக்கணுமா?”

குழிக்கன்னிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு என் ரத்தம், விடமாட்டாள். “நீங்க வந்து குழந்தையைக் கையில வெச்சுக்கிட்டாத்தான் ஞானஸ்நானம். இல்லேன்னா இல்லவே இல்லை. அவ வளர்ந்து கேட்டா, தாத்தாவாலன்னு சொல்லிக்கிறேன்.”

அண்ணன் எழுந்து கடைக்குப் போய்விட்டான். குழந்தைக்குக் கையால் ஒரு பேர் வைப்பான் என்று நாங்கள் நான்கு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தோம், அதையும் வைக்கவில்லை. கேட்டால், “இன்னும் தோணலை” என்பான். அன்றைக்கு வேலையில், இரண்டாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியை ஐந்தாவதில் நிற்பதாகச் சொல்லி, அறுபது பேரை மூட்டையும் முடிச்சுமாக ஓடவிட்டேன்.

பங்குத்தந்தையைப் பார்த்துச் சண்டை போடுவது என்று முடிவு பண்ணினேன். அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயது இருக்கும், ஆனால் நெஞ்சுவரைக்கும் தாடி, வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அண்ணன் கோயில் கேட்டுப் பக்கத்தில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கத்தரி பிடிக்கிற இரண்டு விரலையும் ஆட்டிக்காட்டுவான். அதுவே அவருக்கு அண்ணன் வைத்த பேர்.

மூன்று நாள் யோசித்து வசனமெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். “ஃபாதர், அந்தச் சொல்லை நீங்க சொல்லக்கூடாது” என்று ஆரம்பித்தேன்.

“சரிம்மா, விட்டுடலாம். அது கட்டாயம் இல்லை” என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மிச்ச வசனத்தை என்ன பண்ணுவது? இருந்தாலும் வெற்றிதானே என்று ஓட்டமும் நடையுமாக வந்து குழிக்கன்னியிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கையை ஊன்றினாள். அண்ணியும் ஊன்றினாள்.

“யாரைக் கேட்டு அத்தை போனீங்க? ஊர்ல எல்லாக் குழந்தைக்கும் சொல்றதை என் பிள்ளைக்கு மட்டும் ஏன் விடணும்? எனக்கு அந்த வார்த்தையும் வேணும், எங்கப்பாவும் வேணும்.”

ஆளைவிடுங்கள் சாமி என்று நான் திரும்பவும் ஃபாதரிடம் ஓடினேன். இந்தத் தடவை வசனம் எதுவும் இல்லை. பந்தலில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், கையைக் கூப்பிக்கொண்டு நின்றதையும் சேர்த்து. அவர் நாற்காலியை விட்டு எழுந்து நற்செய்திப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். “உங்க அண்ணன் கடை இப்ப திறந்திருக்குமா?” என்று கேட்டார்.

மத்தியான நேரம். கடையில் தபால்காரர் ஒருத்தர்தான், முகத்தில் பாதி சோப்பு, பாதி சவரம். ஃபாதரைக் கண்டதும் அண்ணன் சவரக்கத்தியை மடக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். ஃபாதர் பேச ஆரம்பித்தார். அண்ணன் அவருடைய தாடியையே பார்த்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன, உள்ளே யாராவது பேசுறாங்களா?” என்றான்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

“உங்க அண்ணனையே படிக்கச் சொல்லுங்க” என்று ஃபாதர் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். அண்ணனுக்கு வாங்க மனசில்லை. ஆனால் வீடு தேடி வந்த மனுஷனைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஜன்னல் பக்கம் நின்று படித்தான். ஏழெட்டு வரிதான் இருக்கும். படித்தவன் திரும்பவும் மேலேயிருந்து படித்தான். பிறகு புத்தகத்தை ஜன்னல் திட்டில் விரித்துவைத்துவிட்டு என்னிடம் கேட்டான்.

“கூட்டத்தைவிட்டு அவனைத் தனியாக் கூட்டிட்டுப் போனாராமே?”

“ஆமா.”

“முதல்ல பேசவே இல்லையே இவரு! காதைத் தொடுறாரு, நாக்கைத் தொடுறாரு, வானத்தைப் பார்க்கிறாரு, பெருமூச்சு விடுறாரு. எல்லாமே கையும் முகமும்தான். அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கிறாரு, அதுவும் ஒரே ஒரு சொல்லு.” அண்ணன் கை வேகம் பிடித்துவிட்டது, எனக்கே பார்த்து முடியவில்லை. “இவருக்கு எங்க ஆளுங்களோட பேசத் தெரிஞ்சிருக்கு. யாரு சொல்லிக்கொடுத்தா?”

நான் அப்படியே ஃபாதரிடம் சொன்னேன். அவர் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இதை எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன். ஒரு தடவைகூட எனக்கு இது தோணலையே” என்றார்.

அண்ணன் விரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தான். “இது எந்த பாஷை?”

“அரமேயம். அவங்க வீட்லயும் தெருவுலயும் பேசின பாஷை” என்றார் ஃபாதர். நான் கையால் சொல்லச் சொல்ல அவரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நற்செய்தியை எழுதினவர் கிரேக்கத்துல எழுதினாரு. ஆனா இந்த ஒரு சொல்லை மாத்தாம அப்படியே வெச்சுட்டு, பக்கத்துல அர்த்தம் எழுதியிருக்காரு. ஏன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. அங்க இருந்தவங்க மனசுல அந்தச் சொல்லு அப்படியே நின்னுருச்சோன்னு எனக்கு ஒரு எண்ணம். இன்னொண்ணு, காதைப் பார்த்துக் ‘காதே, திற’ன்னு அவர் சொல்லலை. அந்த ஆளைப் பார்த்து, ‘திறக்கப்படு’ங்கிறாரு. அவனைக் கூட்டத்துல நிறுத்தி யாருக்கும் காட்டலை. வெளியில சொல்லாதீங்கன்னுதான் சொல்லி அனுப்புறாரு.”

அண்ணன் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினான். அவனுக்குக் குரல் எப்படி வரும் என்று தெரியாது, ஆனால் பள்ளிக்கூடத்தில் உதடு அசைக்கப் பழக்கியிருந்தார்கள். சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான். எப்பத்தா. நடுவில் உதடு ஒட்டுகிறது, கடைசியில் வாய் அகலமாகத் திறக்கிறது. திரும்பவும் சொன்னான். நாற்காலியிலிருந்த தபால்காரரும் சேர்ந்து சொன்னார், சோப்பு காய்ந்து போயிருந்தது. அண்ணன் அவர் உதட்டையும் பார்த்தான்.

“சுலபமாப் படிக்கிற சொல்லு. நேரா நின்னு சொன்னா எந்தச் செவிடனுக்கும் தெரியும். அந்த ஆளு இதைக் கண்ணால பார்த்திருப்பான்” என்றான்.

“அப்போ வர்றியா?” என்று கேட்டேன்.

அவன் ஃபாதரைத் தலையிலிருந்து தாடிவரைக்கும் பார்த்தான். “வர்றேன். ஆனா இவரு சொல்றது எனக்குத் தெரியணும். நீ எடுத்துச் சொல்லி நான் பார்க்கக்கூடாது. நானே பார்க்கணும்.” காலியாயிருந்த நாற்காலியைத் துண்டால் தட்டிச் சுழற்றிவிட்டான்.

ஃபாதர் தாடியைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷத் தாடியாம். “முழுசா எடுக்கணுமா?” என்றார். குரல் ஈனமாக வந்தது. நான் அதைப் பண்ணிக்காட்டினேன், ஈனக்குரலுக்கும் கையில் ஒரு வழி இருக்கிறது. அண்ணன் சிரித்துவிட்டான். மீசை மட்டும், உதட்டுக்கு மேலே இவ்வளவு, தாடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். ஃபாதர் போய் உட்கார்ந்தார். “ஐயா, என் மறுகன்னம்?” என்று தபால்காரர் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். ஃபாதர் பீடத்துக்கு வந்ததும் சனங்கள் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டார்கள். முன் வரிசையில் ஒரு பெரியம்மா, “அட, நம்ம ஃபாதருக்கு உதடு இருக்கு!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அண்ணன் அதைப் படித்துவிட்டு, தான் இதற்குப் பொறுப்பில்லை என்பதுபோல் கூரையைப் பார்த்தான். ஆமாம், அண்ணன் உள்ளேதான் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் குழந்தை. அண்ணி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே மனசு மாறி இறங்கிப் போய்விடுவானோ என்று.

தண்ணீர் ஊற்றினார்கள், குழந்தை கோயிலே இடிந்து விழுகிற மாதிரி கத்தினாள். பிறகு அந்த இடம் வந்தது. நான் பழக்கதோஷத்தில் அண்ணனுக்கு எதிரே போய்க் கையைத் தூக்கினேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கையைக் கீழே போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பக்கத்தில் நான் சும்மா நின்றேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஃபாதர் மைக்கை அணைத்து வைத்தார். எங்களைக் கூட்டத்தைவிட்டுப் பக்கவாட்டு ஜன்னல்கிட்டே கூட்டிப்போனார், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்றார். எங்கே நிற்கவேண்டும் என்று அண்ணன் முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஃபாதர் குழந்தையின் இரண்டு காதையும் தொட்டார். வாயைத் தொட்டார். மேலே பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு அண்ணனை நேராகப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார், மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

“எப்பத்தா.”

அண்ணன் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அன்னிக்கு அந்த ஆளு சொன்னதும் இதேதானா?” என்றான்.

பன்னிரண்டு வருஷமாக நான் பதில் சொல்லாத கேள்வி. “இதேதான்” என்றேன்.

“அப்புறம் ஏன் அதை என் முதுகுகிட்ட சொன்னான்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன், சிரிப்பிலேயே அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. “என்னை மன்னிச்சுடு” என்றேன். “அன்னிக்கு நானும் உன் முதுகுக்குப் பின்னாடி நின்னுதான் கூப்பிட்டேன்.”

“தெரியும்” என்றான். என் கன்னத்தைத் துண்டால் துடைத்துவிட்டான், கடையில் யாருக்கோ சவரம் பண்ணி முடித்த மாதிரி அழுத்தி. “இனிமே கூப்பிடணும்னா முன்னாடி வா.”

குழிக்கன்னி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் எதிரே வந்து நின்றாள். “பேர்?” என்று கேட்டாள். அண்ணன் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. ஐந்து விரலையும் குவித்து உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக விரித்தான். அதுதான் பேர். எல்லாரும் ஒவ்வொருத்தராகச் செய்து பார்த்தோம், ஃபாதர் உட்பட.

நான் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கவனித்துவிட்டான்.

“என்ன, உன் பேரு மாதிரியே இருக்குன்னு பார்க்கிறியா?” என்றான். “இவ ஒரு தடவைதான் திறப்பா. நீ நிறுத்தவே மாட்டே.”